ஏரிக்குள் தொங்கும் காது

மினியாபொலிஸிலிருந்து 169ஆம் எண் நெடுஞ்சாலையில் வடக்கே இரண்டு மணி நேரம் போனால் மில் லாக்ஸ் ஏரி. ஜனவரியில் அது ஏரி என்று யாராவது சொன்னால்தான் தெரியும். வலப்பக்கம் மரங்கள் விலகி ஒரு வெள்ளை வெளி விரிகிறது. அதன்மேல் பிக்கப் வண்டிகள் ஓடுகின்றன. சின்னச் சின்னக் குடில்கள், சிலவற்றின் குழாயில் புகை. கரையோர ஊரான கேரிசனில் சாலையை ஒட்டி ஒரு ராட்சத மீன் சிலை நிற்கிறது. இங்கே குலதெய்வம் யாரென்று அதைப் பார்த்ததும் புரிந்துவிடும்: வால்ஐ மீன். பூனைக் கண்ணைப் போல இருட்டில் மின்னும் கண் அதற்கு. மங்கிய வெளிச்சத்திலும் இரை அதன் கண்ணுக்குத் தப்பாது. அதனால் அந்திதான் அதன் வேட்டை நேரம்.

ஏரியின் பரப்பு சுமார் 535 சதுர கிலோமீட்டர். ஆழமோ, மிக ஆழமான இடத்திலும் 42 அடிதான். நன்னீர் 4 டிகிரியில்தான் அதிக அடர்த்தியோடு இருக்கும். அதைவிடக் குளிர்ந்த நீர் மேலே வந்து உறைய, அடியில் 4 டிகிரியை ஒட்டிய நீர் தங்கிவிடுகிறது. மேலே மைனஸ் 22. கீழே மீன்களுக்கு அது ஒரு சாதாரண வாரநாள்.

என்னை அழைத்துப் போன நண்பர் தூத்துக்குடிக்காரர், மினியாபொலிஸில் மென்பொருள் வேலை. அங்கு குடியேறிய சில ஆண்டுகளில் இந்தப் பைத்தியம் பிடித்துவிட்டது. “அண்ணே, வண்டியோட ஏரிக்குள்ள போறோம், சீட் பெல்ட்டக் கழட்டிருங்க” என்றார். சிரித்துக்கொண்டே சொன்னாலும் அது இங்கு எல்லோரும் கடைப்பிடிக்கும் பழக்கம்; பனி உடைந்தால் வெளியே பாய வேண்டும். ஆள் நடக்க 4 அங்குலப் பனி போதும், பிக்கப் வண்டிக்கு ஓரடிக்கு மேல் வேண்டும் என்பது மாநில இயற்கைவளத் துறையின் கணக்கு. கரையிலுள்ள ரிசார்ட்டுக்காரர்கள் பனியை வழித்துச் சாலை போடுகிறார்கள், ஏரி வெடித்துப் பிளந்த இடங்களில் தற்காலிகப் பாலம் வைக்கிறார்கள், அதற்குச் சுங்கம் வாங்குகிறார்கள். கட்டணம் கொஞ்சம் அதிகம்தான். பாலத்தின் மேல் வண்டி ஏறியபோது இரண்டு பக்கமும் கறுப்பாகத் தண்ணீர் தெரிந்தது. அதன்பிறகு கட்டணத்தைப் பற்றி நான் பேசவில்லை.

மீன் பிடிப்பதைப் பார்க்க இவ்வளவு தூரம் வர வேண்டியதில்லை. நான் வந்தது ஒரு கருவிக்காக. ராமேஸ்வரம் விசைப்படகுகளில் எக்கோ சவுண்டரைப் பார்த்திருக்கிறேன். ஒலியை அனுப்பி எதிரொலியைக் கேட்கும் டிரான்ஸ்டியூசர் அங்கே படகின் அடியில் நிலையாகப் பொருத்தப்பட்டிருக்கும். ஓட்டுநர் அறையில் இருப்பவருக்குத் திரை மட்டுமே கவலை. இங்கே ஒவ்வொரு முறையும் பனியில் துளை போட்டு, அதை ஒரு கயிற்றைப் போல உள்ளே தொங்கவிட வேண்டும். எவ்வளவு நீளம் விடுவது, துளையின் எந்தப் பக்கம் விடுவது என்பதில்தான் அன்றைய மீன் இருக்கிறது என்று நண்பர் போனில் சொல்லிக்கொண்டே இருப்பார். மிகைப்படுத்துகிறார் என்றுதான் நினைத்திருந்தேன்.

எங்களுக்கு வழிகாட்டி, எழுபதைத் தாண்டிய ஒரு பெரியவர். வார்த்தைகளில் சிக்கனம். வண்டியை நிறுத்தியதும் பேட்டரியில் ஓடும் துளைப்பானைப் பனியில் நிறுத்தி அழுத்தினார். அரை நிமிடத்தில் பத்து அங்குல அகலத்தில் ஒரு துளை. கூழாகக் கிடந்த பனித்தூளை ஜல்லிக்கரண்டி ஒன்றால் அள்ளிக் கொட்டினார். நம் வீட்டில் வடையை எடுக்கும் அதே கரண்டிதான். காம்பு நீளம், அதில் அங்குலக் குறிகள். காம்பைத் தலைகீழாகத் துளைக்குள் விட்டு, பனியின் அடிவிளிம்பைத் தடவிப் பார்த்து, குறியைப் படித்தார். 24 அங்குலம்.

பிறகு டிரான்ஸ்டியூசரை எடுத்தார். உள்ளங்கைக்குள் அடங்கும் ஓர் உருளை. அதன் கம்பி ஒரு நுரைப்பஞ்சு மிதவையின் நடுவே போகிறது. கம்பியில் ஒரு ரப்பர் தடுப்பு. தடுப்பை எங்கே நகர்த்துகிறோமோ அந்த அளவுக்குத்தான் டிரான்ஸ்டியூசர் கீழே இறங்கும். அவர் அதை 25 அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலாக வைத்தார். பனியின் அடிவிளிம்பைத் தாண்டி ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலம். அவ்வளவுதான்.

ஏன் அந்த ஒன்றரை அங்குலம்? கருவி அனுப்பும் ஒலி ஒரு கூம்பாக விரிகிறது. 20 டிகிரிக் கூம்பு என்றால் 24 அங்குலம் கீழே போவதற்குள் நடுக்கோட்டிலிருந்து இரு பக்கமும் நாலேகால் அங்குலம் விரிந்துவிடும். பத்து அங்குலத் துளையின் நட்டநடுவில், தண்ணீர் மட்டத்திலேயே தொங்கவிட்டால், காகிதக் கணக்குப்படி சுவரில் படாமல் தப்பிக்கலாம். ஆனால் நடுவில் யார் தொங்கவிடுவார்கள்? தூண்டில் நரம்பு இறங்க இடம் வேண்டும், மீன் ஏற இடம் வேண்டும். டிரான்ஸ்டியூசர் ஓரமாகத்தான் ஒதுங்கும். எட்டு அங்குலத் துளையில் நடுவில் வைத்தாலும் இடிக்கும். போதாததற்கு அந்த 20 டிகிரி என்பது கத்தியால் வெட்டிய விளிம்பு அல்ல. ஒலியின் வலு பாதியாகக் குறையும் எல்லையைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். அதற்கு வெளியேயும் ஒலி கசிகிறது. அது பனிச்சுவரில் பட்டுத் திரும்பினால் திரையில் மேல் சில அடிகளுக்கு ஒரே குழப்பம்.

அப்படியானால் நாலடி கீழே இறக்கிவிட்டால் என்ன என்று கேட்டேன். பெரியவர் பதில் சொல்லாமல் ஆள்காட்டி விரலைச் சுழற்றிக் காட்டினார். மாட்டிய மீன் துளைக்குக் கீழே வட்டமடிக்கும், நரம்பு கம்பியைச் சுற்றிக்கொள்ளும், அறுந்து போகும். அது மட்டுமல்ல, டிரான்ஸ்டியூசரின் முகத்தை ஒட்டிய ஓரடிக்குள் எது வந்தாலும் கருவிக்குக் கேட்காது, தன் அதிர்வே ஓயாத இடம் அது. ஆழமாக இறக்க இறக்க அந்தச் செவிட்டுப் பகுதியும் கூடவே இறங்கும்.

1912இல் டைட்டானிக் மூழ்கிய பிறகுதான், தண்ணீருக்குள் ஒலியனுப்பிப் பனிப்பாறையைக் கண்டுபிடிக்க முடியுமா என்ற தேடல் சூடுபிடித்தது. 1914 ஏப்ரலில் ரெஜினால்ட் ஃபெசென்டன் என்ற கனடாக்காரர் மயாமி என்ற கப்பலிலிருந்து தன் ஒலிக்கருவியால் இரண்டு மைல் தொலைவிலிருந்த பனிப்பாறையின் எதிரொலியைப் பிடித்துக் காட்டினார். கூடவே கடலடியின் எதிரொலியும் கேட்டது. பனியைத் தேடிப் பிறந்த கருவி இது. அதற்குப் பனி தெரியாமலிருக்க நூறாண்டு கழித்து ஒரு கிழவர் ரப்பர் தடுப்பை அங்குலம் அங்குலமாக நகர்த்திக்கொண்டிருக்கிறார். 1935இல் நார்வேயின் ஓஸ்கார் சுண்ட் காட் மீன் கூட்டத்தின் எதிரொலிப் பதிவை வெளியிட்டார். 1950களின் கடைசியில் அமெரிக்காவில் லோரன்ஸ் குடும்பத்தார் டிரான்சிஸ்டரில் ஓடும் சிறு பெட்டியாக இதை விற்கத் தொடங்கினார்கள். பொழுதுபோக்கு மீன்பிடிப்பவர்களின் கைக்கு அப்படித்தான் வந்தது.

அது கோடைக்கான பெட்டி. அதைப் பனிமேல் இழுத்து வந்த பெருமையில் பெரும்பங்கை மினசோட்டாக்காரர்கள் டேவ் ஜென்ஸ் என்பவருக்குத் தருகிறார்கள். 1980களின் தொடக்கத்தில் சறுக்குவண்டியின் மேலேயே மடக்கிவிரிக்கும் கூடாரத்தைக் கட்டி, ஒரே துளையின் முன் நாள் முழுக்கக் குந்தியிருக்கும் பழக்கத்தை உடைத்தவர். துளை போடு, சோனாரை இறக்கு, மீன் இல்லையென்றால் அடுத்த துளைக்குப் போ. பொறுமைக்குப் பேர்போன ஒரு தொழிலை நடமாட்டத் தொழிலாக மாற்றியது இந்தத் தொங்கும் உருளைதான். இதில் ஏதோ போய்விட்டது என்று வருந்துபவர்கள் உண்டு. எனக்கு அந்த வருத்தம் ஒட்டவில்லை. மைனஸ் 22இல் மீனே இல்லாத துளையின் முன் உட்கார்ந்திருப்பதில் என்ன தத்துவம் வாழ்கிறது?

ஃபிளாஷர் என்று அழைக்கப்படும் அந்தக் கருவியின் முகம் கடிகாரத்தைப் போல வட்டம். உச்சியில் பூஜ்யம், சுற்றிலும் அடிக் கணக்கு. அடித்தளம் தடித்த சிவப்புப் பட்டை. நம் தூண்டிலில் உள்ள ஈயத்துண்டு மெல்லிய பச்சைக் கோடு. அதை ஓரடி தூக்கினால் கோடும் ஓரடி நகரும், உடனே. 30 அடி ஆழத்துக்கு ஒலி போய்த் திரும்ப ஒரு வினாடியில் நூறில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் ஆகிறது. திரையில் படம் ஓடும் கருவிகள் நடந்து முடிந்ததைக் காட்டுகின்றன. ஃபிளாஷர் இப்போது இருப்பதை மட்டும் காட்டும், பழசை வைத்துக்கொள்ளாது.

எந்தப் பக்கம் என்பது மட்டும் இதற்குத் தெரியாது. தூரம் மட்டும்தான். கூம்பின் விளிம்பில் மீன் நுழைந்தால் பச்சை, உள்ளே வர வர ஆரஞ்சு, தூண்டிலுக்கு நேரே வந்தால் சிவப்பு. வடக்கிலிருந்து வந்ததா, தெற்கிலிருந்தா? வட்டத்தில் அதற்கு இடமில்லை. இன்னொன்று: மீன் ஒரே மட்டத்தில் நீந்தி நடுவுக்கு வந்தாலும் சாய்தூரம் குறைவதால் திரையில் அது மேலே எழும்புவது போலத் தெரியும். புதியவர்கள் மீன் கிளம்பிவிட்டது என்று துள்ளுவார்கள். பெரியவர் காத்திருப்பார், தூண்டிலை நாலு அங்குலம் உயர்த்துவார், சிவப்பும் கூடவே உயர்ந்தால்தான் நம்புவார்.

மீன் இவ்வளவு துலக்கமாகத் தெரிவதற்கு அதன் வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப்பைதான் முக்கியக் காரணம். சதை கிட்டத்தட்டத் தண்ணீர் மாதிரி, ஒலி அதற்குள் புகுந்து போய்விடும். காற்றில் பட்டால் திரும்பியே ஆக வேண்டும். இதே காரணத்தால்தான் டிரான்ஸ்டியூசரின் முகத்தில் ஒட்டிய ஒரு காற்றுக்குமிழி அதைக் குருடாக்கிவிடும். ஒவ்வொரு முறை இறக்கும்போதும் பெரியவர் கையுறையைக் கழற்றி, தண்ணீருக்குள் விரலை விட்டு அந்த முகத்தை ஒரு தடவு தடவினார். அந்தக் குளிரில் வெறும் விரலைத் தண்ணீருக்குள் விடுவது சின்ன விஷயமல்ல. தண்ணீர் பரவாயில்லை, வெளியே எடுத்த பிறகுதான் வலி.

மில் லாக்ஸின் வடபாதியில் சேற்று மேடைகள் இருக்கின்றன. முப்பது அடிக்கு மேல் ஆழமுள்ள தரையிலிருந்து சில அடிகள் உயர்ந்து நிற்கும் அகன்ற திட்டுகள். வால்ஐ அவற்றின் விளிம்பில்தான் உலவும். மீன் இருக்கும் இடமும் கருவி தோற்கும் இடமும் ஒன்றாக அமைந்தது அந்த விளிம்பில்தான். 30 அடி ஆழத்தில் 20 டிகிரிக் கூம்பு பத்தரை அடி அகலத்துக்கு வட்டம் போடும். அந்த வட்டத்தின் ஒரு பக்கம் மேடு, மறுபக்கம் பள்ளம் என்றால், முதலில் திரும்பி வரும் எதிரொலி மேட்டினுடையது. கருவி அதையே அடித்தளம் என்று சிவப்பாகக் காட்டும். பள்ளத்தின் பக்கம் தரையோடு தரையாகக் கிடக்கும் மீன் அந்தச் சிவப்புக்குள் புதைந்துவிடும். சமதரையிலும் இந்தக் குறை கொஞ்சம் உண்டு: நடுவிலிருந்து ஐந்தடி தள்ளித் தரையில் கிடக்கும் மீனின் சாய்தூரம் தரையின் தூரத்தைவிட ஐந்து அங்குலம் கூடுதல். இல்லாத ஆழத்தில் இருப்பதாகக் கணக்காகி மறைந்துவிடும்.

அதற்கு மருந்து ஒடுங்கிய கூம்பு. பெரியவர் ஒரு விசையைத் தள்ளி 9 டிகிரிக்கு மாற்றினார். வட்டம் ஐந்தடிக்குள் சுருங்கியது. சிவப்புப் பட்டை மெலிந்தது. அதன் மேல் விளிம்பிலிருந்து ஒரு பச்சைக் கீற்று பிரிந்து நின்றது. அதுவரை அங்கே எதுவுமே இல்லை.

நண்பரின் துளை பத்தடி தள்ளி. அவருடைய கருவியும் 9 டிகிரிதான். ஆனால் அவருக்குத் தன் தூண்டிலே தெரியவில்லை. மிதவையைத் துளையின் ஓரத்துப் பனிக்கூழ் கவ்விப் பிடித்திருந்தது, டிரான்ஸ்டியூசர் சுவரில் சாய்ந்து நின்றது. பார்வைக்கு ஒன்றும் பெரிய சாய்வில்லை, ஐந்து டிகிரி இருக்கும். ஆனால் 30 அடி ஆழத்தில் ஐந்து டிகிரி என்பது இரண்டரை அடிக்கு மேல் விலகல். ஒடுங்கிய கூம்பின் பாதி அகலத்தைவிட அதிகம். தூண்டில் நேர்கீழே இறங்க, ஒலி வேறெங்கோ போய்க்கொண்டிருந்தது. “நான் பாட்டுக்கு இல்லாத எடத்தப் பார்த்துக்கிட்டு இருந்திருக்கேன்ணே” என்றார். பெரியவர் வந்து ஜல்லிக்கரண்டியால் கூழை வழித்தார், மிதவையைத் துளை விளிம்பில் இழுத்து வைத்தார், கம்பி ஆடாமல் செங்குத்தாக நிற்கும்வரை விரலால் பிடித்திருந்து விட்டார். பச்சைக் கோடு வந்துவிட்டது. தூண்டில் தெரிகிறதா என்பதுதான் இங்கே மட்டப்பலகை. அது தெரியாதபோது வேறெதைப் பார்த்தும் பயனில்லை.

துளை போடாமலே ஆழம் பார்க்கும் வித்தையும் உண்டு. பனியைக் கூட்டிவிட்டு, கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, டிரான்ஸ்டியூசரை அதில் அழுத்திப் பிடிக்கலாம். இடையில் காற்று இல்லாவிட்டால் ஒலி பனியைத் துளைத்துப் போகும். ஆனால் அதற்கு டிசம்பரின் கண்ணாடிப் பனி வேண்டும். பொழிந்த பனி ஊறி உறைந்த வெள்ளைப் பாளத்தில் குமிழிகள் நிறைந்திருக்கும். ஜனவரியில் இங்கே அதுதான். துளைப்பான்தான் கதி.

மதியம் கூடாரத்துக்குள் வாயு அடுப்பின் முன் காபி. பேச்சு லைவ்ஸ்கோப்பில் வந்து நின்றது. 2018இல் கார்மின் நிறுவனம் கொண்டுவந்த இந்த வகைக் கருவி திசையையும் காட்டுகிறது. கழியின் முனையில் டிரான்ஸ்டியூசர். அதைத் துளைக்குள் விட்டுத் திருப்பினால் பக்கவாட்டில் பல அடி தூரத்திலுள்ள மீன் திரையில் நகர்வது தெரியும். மீன் இருக்கும் திசையில் நடந்து போய்த் துளை போடலாம். இது அநியாயம் என்று ஒரு கட்சி, வளர்ச்சி என்று ஒரு கட்சி. கரையோர மதுக்கடைகளில் குளிர்காலம் முழுவதும் இந்த வழக்குதான். நண்பர் வாங்கத் துடிக்கிறார். பெரியவர் அதைத் திட்டவில்லை, அதுதான் எனக்கு வியப்பு. “அதையும் பனிக்குக் கீழேதான் இறக்க வேண்டும். கழி எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று மறந்தால் அதுவும் பொய் சொல்லும்” என்றார். எனக்கு ஃபிளாஷரின் வட்டமே போதுமென்று தோன்றியது. பாதியை அது சொல்கிறது, மீதிப் பாதியைக் கையும் ஊகமும் நிரப்ப வேண்டியிருக்கிறது.

இந்த ஏரிமேல் வேறொரு பெரிய வழக்கும் நடந்தது. ஓஜிப்வே பழங்குடியினரின் மில் லாக்ஸ் கிளையினருக்கு 1837 ஒப்பந்தம் அளித்த வேட்டை, மீன்பிடி உரிமை இன்றும் செல்லும் என்று 1999இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்தத் தீர்ப்பைப் பற்றி இன்னும் முணுமுணுக்கும் குடில்கள் உண்டு. ஓஜிப்வே மக்கள் போர்வையைத் தலைக்கு மேல் போர்த்திப் பனிமேல் குப்புறப் படுத்து, இருட்டான துளையில் மரத்தாலான பொய்மீனை ஆட்டி, வரும் மீனை ஈட்டியால் குத்தியவர்கள். வெளிச்சத்தை மறைத்தால் தண்ணீர் தெளிவாகத் தெரியும். சோனாருக்கு முன்பே துளைக்குள் பார்க்க வழி கண்டவர்கள் அவர்கள்.

இப்போது பிடிக்கக்கூடிய மீனின் அளவை அந்த மக்களும் மாநில அரசும் பகிர்ந்துகொள்கிறார்கள். வால்ஐ குறைந்துபோனதால் 2016 கோடையில் பிடித்ததை எல்லாம் திருப்பி விடச் சொன்னார்கள். அதன் பிறகு பல குளிர்காலங்களில் ஆளுக்கு ஒரே மீன், அதுவும் குறிப்பிட்ட நீளத்துக்குள் இருந்தால் மட்டும்.

நாலரை மணிக்குச் சூரியன் சரிந்தபோது பெரியவரின் வட்டத்தில் பச்சை, ஆரஞ்சு, சிவப்பு. தூண்டில் உயர்ந்தது, சிவப்பும் உயர்ந்தது, இரண்டும் ஒன்றாயின. கோல் வளைந்தது. வளைந்த அந்தக் கணத்திலேயே அவருடைய இடக்கை மிதவையைப் பற்றி டிரான்ஸ்டியூசரைத் துளையிலிருந்து உருவிப் பனிமேல் எறிந்துவிட்டது. மீனைப் பார்க்கும் முன் கம்பியை எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டும் போகும். மேலே வந்த வால்ஐ பொன்னிறமாக இருந்தது. அளவுகோலில் வைத்தார், அனுமதித்த நீளத்தைத் தாண்டிவிட்டது. தலைகீழாகத் துளைக்குள் விட்டார்.

டிரான்ஸ்டியூசரின் முகத்தில் அதற்குள் மெல்லிய பனிப்படலம் பிடித்துவிட்டது. அவர் அதை வாய்க்கருகே வைத்து ஊதினார், கட்டைவிரலால் தேய்த்தார், மறுபடியும் இறக்கினார். வட்டம் முழுக்கக் கோடுகள் கண்டபடி சுழன்றன. பக்கத்துத் துளைக் கருவியின் துடிப்பு இதற்குள் புகுந்துவிட்டது. இரண்டும் ஒரே நேரத்தில் கூவினால் யார் குரல் யாருடையதென்று கருவிக்குத் தெரியாது. அதற்கென்றே குறுக்கீட்டைக் கழிக்கும் ஒரு குமிழ் இருக்கிறது. அவர் தன் குமிழைத் திருப்பிப் பார்த்தார், குறையவில்லை. கூடாரத்தின் கதவை விலக்கி நண்பரிடம் சத்தம் போட்டார்: “உங்களுடையதைத் திருப்புங்கள். என் மீன் எல்லாம் உங்கள் பெட்டியில் ஓடுகிறது.”